இடது காதுக்குப் பின்னால் பதினேழு மில்லிமீட்டர்

எங்கள் தொழிற்சாலையில் வருடத்துக்கு ஒருமுறை எல்லோருக்கும் காது பரிசோதனை நடக்கும். பிரஸ் ஷாப்பில் நாள் முழுவதும் தகடு வெட்டும் சத்தம் என்பதால் அந்தப் பரிசோதனை கட்டாயம். நான் வேலை செய்வது கண்ணாடி அடைத்த இன்ஸ்பெக்‌ஷன் அறையில். சத்தத்தில் பாதிகூட உள்ளே வராது. அதனால் பெயருக்குத்தான் போய் உட்காருவேன். ஹெட்போனில் சத்தம் கேட்கும்போதெல்லாம் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். அந்த வருடம் வலது காது முடிந்தது. அடுத்து இடது காது என்று பரிசோதனை செய்த பெண் சைகை காட்டினாள். நான் பொத்தானில் விரலை வைத்துக் காத்திருந்தேன். வெகுநேரம் ஆனதுபோல் இருந்தது.

"இன்னும் ஆரம்பிக்கலையா?" என்று கேட்டேன்.

"பாதி முடிஞ்சிடுச்சு மேடம்" என்றாள்.

அன்றைய டைரியில் ஒரே வரிதான் இருக்கிறது: ‘இடது காது குறை. காரணம் தெரிய வேண்டும்.’ எழுதி முடித்தபிறகுதான் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. போனை வலது காதில் வைத்துப் பேச ஆரம்பித்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பாடகர் குழு நிற்கும்போது, தாழ்ந்த குரலில் பாடும் பெண்களின் ஆல்ட்டோ வரிசையின் இடது ஓரத்துக்கு நானாகவே நகர்ந்திருந்தேன். அங்கே நின்றால் மற்றவர்களின் குரல் எல்லாம் வலப்பக்கத்திலிருந்து வரும். யாரும் என்னை நகரச் சொல்லவில்லை. உடம்பே கணக்குப் போட்டு நகர்ந்திருக்கிறது; எனக்குத் தகவல் சொல்லவில்லை.

காரணம் நகரத்தில் ஒரு பெரிய மருத்துவமனையில் எடுத்த எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் தெரிந்தது. காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பின் உறையில், இடது காதுக்குப் பின்னால், ஒரு கட்டி. புற்றுநோய் இல்லை, வேறு இடத்துக்குப் பரவாது, மெதுவாகத்தான் வளரும். ஆனால் அது உட்கார்ந்திருந்த இடம் குறுகலானது. ஒரு பக்கம் கேட்கும் நரம்பு, ஒட்டியபடி முகத்தை அசைக்கும் நரம்பு, எதிரே மூளைத்தண்டு. அளவு பதினேழு மில்லிமீட்டர். வண்டி பிரேக்குக்குப் போகும் இரும்புப் பின்களில் பதினேழு மில்லிமீட்டர் விட்டம் கொண்ட ரகம் ஒன்று உண்டு. அதை ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் அளக்கிறவள் நான். அதனால் மருத்துவர் விரல்களை விரித்து அளவு காட்டுவதற்கு முன்பே எனக்கு அதன் பருமன் தெரிந்துவிட்டது.

அதே மருத்துவமனையில் நானும் என் கணவரும் கதிர் சிகிச்சை மருத்துவரைப் பார்த்தோம். என்னைவிடப் பத்து வயது இளையவர். மண்டையைத் திறக்காமல், பல கோணங்களிலிருந்து மெல்லிய கதிர்களைக் கட்டியில் மட்டும் குவியும்படி ஒரே நாளில் பாய்ச்சலாம் என்றார். கட்டியை எடுத்துவிட மாட்டார்கள். அது உள்ளேயேதான் இருக்கும். அதன் வளர்ச்சியை நிறுத்துவதுதான் வேலை. நின்றதா என்பதை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பிறகு வருடத்துக்கு ஒருமுறை. அவர் சொல்லச் சொல்ல டைரியில் எழுதிக்கொண்டேன். சிகிச்சை நாளன்று காலையில் என் தலையைச் சுற்றி ஓர் உலோகச் சட்டத்தை, மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, நான்கு திருகுகளால் பொருத்தினார்கள். பார்த்துக்கொண்டிருந்த என் கணவரின் முகம்தான் வெளிறியது. எனக்கு அது புதிதல்ல. துளை போட வேண்டிய பொருளை அசையாமல் பிடித்துக்கொள்ள எங்களிடமும் இப்படித்தான் ஃபிக்ஸ்சர் இருக்கிறது. பிடிமானம் சரியாக இருந்தால் துளை சரியான இடத்தில் விழும். சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிட்டேன். நெமிலிச்சேரி ஸ்டேஷனிலிருந்து வீடு வரை நடந்தே வந்தேன்.

ஆறாம் மாத ஸ்கேன் அதே மருத்துவமனையில். ஊக்கு, ஹேர்பின், மெட்டி, கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி ஒரு டப்பாவில் போட்டுக் கணவரிடம் கொடுத்தேன். உள்ளே படுத்ததும் தட்டுகிற சத்தம், பிறகு துளைக்கிற சத்தம், பிறகு பஸ்ஸர் போல நீளமாக ஒன்று. நடுவில் கையில் மருந்து ஏற்றினார்கள். கட்டியில் ரத்த ஓட்டம் இருக்கும் இடத்தில் அந்த மருந்து போய்ச் சேர்ந்து படத்தில் வெள்ளையாக ஒளிரும். ரிப்போர்ட்டில் பதினேழு என்று வந்தது. டைரியின் பின் அட்டைக்குள் மடித்து வைத்திருந்த ஒரு கிராஃப் தாளில் முதல் புள்ளியையும் இரண்டாம் புள்ளியையும் வைத்து, அடிக்கோலால் கோடு இழுத்தேன். கோடு படுக்கையாக இருந்தது. மனத்துக்கு நிறைவாக இருந்தது.

அடுத்து ஒரு வருட ஸ்கேன். தொழிற்சாலையில் வாடிக்கையாளர் தணிக்கை நடந்துகொண்டிருந்த வாரம் அது. நகரத்துக்குப் போனால் ஒரு நாள் முழுக்கப் போய்விடும். ஆவடிப் பக்கம் புதிதாக ஒரு ஸ்கேன் சென்டர் திறந்திருந்தார்கள். சனிக்கிழமை காலையில் ரயிலில் போய் மதியச் சாப்பாட்டுக்குள் திரும்பிவிட்டேன். திங்கட்கிழமை ரிப்போர்ட் வந்தது. இருபத்தொன்று.

கிராஃப் தாளில் மூன்றாவது புள்ளியை வைத்துக் கோடு இழுத்தேன். படுக்கையாக வந்த கோடு ஏணிபோல எழுந்து நின்றது.

கதிர் சிகிச்சை மருத்துவர் அப்போது வெளிநாடு போயிருந்தார்; திரும்ப மூன்று வாரம் ஆகும் என்றார்கள். அவ்வளவு நாள் சும்மா இருக்க எனக்கு வராது. அம்பத்தூரில் ஒரு மூளை அறுவை மருத்துவரிடம் நேரம் வாங்கினேன். வயதானவர், நிதானமானவர்.

"பழைய ஸ்கேன் சி.டி. கொண்டுவந்திருக்கீங்களாம்மா?" என்றார்.

"நம்பர் எல்லாம் இதுல இருக்கு சார்" என்று கிராஃப் தாளை நீட்டினேன்.

அவர் அதைப் பார்த்தார். இவ்வளவு சுத்தமாக யாரும் தன்னிடம் கொண்டுவந்ததில்லை என்றார். அந்தப் பாராட்டு எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். பிறகு, ஆறு மாதத்தில் நான்கு மில்லிமீட்டர் என்றால் கதிருக்கு அது அடங்கவில்லை என்றுதான் அர்த்தம், இன்னும் பெரிதாகி மூளைத்தண்டை அழுத்துவதற்கு முன் திறந்து எடுத்துவிடுவது நல்லது என்றார். இடது காதில் மிச்சமிருக்கும் கேட்கும் திறன் முழுதாகப் போய்விடும். முக நரம்பைக் காப்பாற்றப் பார்ப்பேன், ஆனால் வாக்குறுதி தர முடியாது என்றார். அதாவது முகம் ஒரு பக்கமாகக் கோணலாம்; கண் முழுசாக மூடாமல் போகலாம்; உதட்டைக் குவித்துப் பாட முடியாமல் போகலாம். ஒன்று விடாமல் எழுதிக்கொண்டேன். அன்றிலிருந்து பதினெட்டாவது நாளை அறுவைக்குக் குறித்தோம்.

நான் ஆடிப்போகவில்லை. செய்ய வேண்டியவற்றைப் பட்டியல் போட்டேன். இன்ஸ்பெக்‌ஷன் அறையில் என் வேலையைப் பார்த்துக்கொள்ள இருந்த சக ஊழியரிடம் அளவு பார்க்கும் கேஜ் ஒவ்வொன்றின் குணத்தையும் சொல்லிக் கொடுத்தேன். விடுப்புக்கு எழுதிக் கொடுத்தேன். பாடகர் குழுத் தலைவியிடம் ஆல்ட்டோவுக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். "என்னம்மா, கிறிஸ்துமஸ் பாட்டு இப்பதான் எடுத்தோம்" என்றார். "அதான் இப்பவே சொல்றேன்" என்றேன். வீடு திரும்பி, கண்ணாடி முன் நின்று ‘ஊ’ என்று உதட்டைக் குவித்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் சரிசமமாகக் குவிந்தது. அதை மட்டும் டைரியில் எழுதவில்லை.

என் கணவருக்குப் பட்டாபிராமில் கிரில் பட்டறை. பிறந்ததிலிருந்து அந்தப் பக்கமே இருப்பவர், பேச்சும் அப்படித்தான். ஒரு சனிக்கிழமை மாலை மருத்துவமனைக்கு எடுத்துப்போக வேண்டியதை ஒரே பையில் போடலாம் என்று பட்டறையில் உட்கார்ந்து அடுக்கிக்கொண்டிருந்தேன். ஸ்கேன் சி.டி.க்களை ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருப்பேன். அவர் அதைத் திறந்து உறைகளைப் புரட்டிப் பார்த்தார்.

"இன்னாமே, ரெண்டு கவரு ஒரு கலரு, இது மட்டும் வேற கலரு?"

"அது ஆவடியில எடுத்ததுங்க. மத்தது ரெண்டும் பெரிய ஆஸ்பத்திரி."

"அப்ப ரெண்டு டேப்பு."

"என்னது?"

அவர் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சுவரைக் காட்டினார். அதில் என் கையெழுத்தில் பெரிதாக எழுதியிருந்தது: ‘அளந்த டேப்பிலேயே வெட்டு.’

அதற்கு ஒரு கதை உண்டு. முந்தைய வருடம் முகப்பேரில் ஒரு ஃபிளாட்டின் பால்கனிக்கு கிரில் செய்தார். அளந்தது நுனிக் கொக்கி வளைந்த பழைய அளவு டேப்பால். பட்டறையில் வெட்டியது புது டேப்பால் அளந்து. மூன்று மாடி தூக்கிக்கொண்டு போனபிறகு கிரில் சட்டத்துக்குள் நுழையவில்லை. நான்கு மில்லிமீட்டர். திரும்ப இறக்கிக்கொண்டு வந்தார்கள். அன்று நான் அவரை ஒருவழி ஆக்கிவிட்டேன். பழைய டேப்பைக் குப்பையில் போட்டுவிட்டு, பெயின்ட் எடுத்து அந்த வரியைச் சுவரில் எழுதினேன்.

"எனக்குன்னா ஒரு டேப்பு, உனக்குன்னா ரெண்டு டேப்பா?" என்றார்.

"இது இரும்பு இல்லீங்க. டாக்டர் ரிப்போர்ட்டு."

"இருக்கட்டும்மே. தலைய தொறக்குறதுக்கு முன்னாடி ஒருக்கா சரியா அளந்துடலாம்ல? கிரில்லுன்னா நான் இறக்கிக்கினு வந்து மறுபடி வெட்டுவேன். உன் மண்டைய இன்னா பண்றது?"

சிரிக்கத்தான் சொன்னார். ஆனால் சொல்லிவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் பையிலிருந்து மூன்று ரிப்போர்ட்டையும் எடுத்துப் பட்டறை மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அதுவரை ஒவ்வொன்றிலும் எண்ணைத்தான் படித்திருந்தேன். எண்ணுக்கு முன்னால் இருந்த வரிகளை அப்போதுதான் படித்தேன். முதல் இரண்டிலும், காது எலும்புக்குள் இருக்கும் குழாய்க்கு வெளியே உள்ள பகுதி மட்டும் பதினேழு என்று இருந்தது. மூன்றாவதில், குழாய்க்குள் நீண்டிருக்கும் கட்டியின் வாலையும் சேர்த்து இருபத்தொன்று. டேப் மட்டும் அல்ல, அளந்த இடமே வேறு. இப்படி ஓர் அளவுச் சான்றிதழோடு ஒரு பெட்டி பிரேக் பின்கள் வந்திருந்தால் நான் தொழிற்சாலை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பேன். யாரும் எனக்குத் தவறான எண்ணைத் தரவில்லை. வேறு வேறு இடத்தில் எடுத்த அளவுகளை ஒரே கோட்டில் சேர்த்தவள் நான்தான்.

அதனால் கட்டி வளரவில்லை என்று ஆகிவிடாது. எவ்வளவு வளர்ந்தது என்று எனக்குத் தெரியாது என்றுதான் ஆகிறது. தெரிந்தாக வேண்டும்.

அறுவைக்கு ஆறு நாள் இருக்கும்போது கதிர் சிகிச்சை மருத்துவர் ஊர் திரும்பினார். பிஸ்கட் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு நானும் கணவரும் ரயிலேறினோம். மருத்துவர் மூன்று சி.டி.யையும் கணினியில் ஏற்றி, மூன்று படங்களையும் ஒரே திரையில் வரிசையாக வைத்தார். தலையின் ஒரே மட்டத்து வெட்டுப் படம், ஒரே திசை. மௌஸால் கோடு இழுத்து அளந்தார்.

"பதினேழு. பதினேழு. இது... பதினெட்டரை."

"இருபத்தொண்ணு இல்லையா?"

"வாலையும் சேர்த்தா இருபத்தொண்ணுதான் மேடம். அப்படிப் பார்த்தா முதல் படமே பத்தொன்பதரை."

"அப்போ ஒன்றரை மில்லிமீட்டர் நிஜமாவே கூடியிருக்கு."

"கூடியிருக்கு. ஆனா நடுவுல பாருங்க."

முதல் படத்தில் கட்டி முழுவதும் வெள்ளையாக ஒளிர்ந்தது. மூன்றாவதில் ஓரம் மட்டும் வெள்ளை, நடுவே கறுப்பு.

"மருந்து நடுவுல போய்ச் சேரலை. ரத்த ஓட்டம் குறைஞ்சிருக்கு. கதிர் பட்ட கட்டி பல பேருக்கு முதல்ல கொஞ்சம் வீங்கும், நடுவுல இப்படி மெதுவடை மாதிரி ஆகும், அப்புறம்தான் சுருங்கும்."

"வடை ஊசிப்போச்சுன்னு சொல்லு சார்" என்றார் என் கணவர்.

மருத்துவர் சிரித்துவிட்டார். "அப்படித்தான் நினைக்கிறேன். ஆனா ஒரே படத்தை வச்சு சத்தியம் பண்ண மாட்டேன். வீக்கமா வளர்ச்சியான்னு அடுத்த படம்தான் சொல்லும். ஆறு மாசம் பொறுக்கலாம். மூளைத்தண்டை இன்னும் தொடலை, இடம் இருக்கு. நடுவுல நடை தடுமாறினாலோ முகம் மரத்தாலோ உடனே வந்துடணும். முதல் வருஷம் வீங்கலாம்னு சிகிச்சை அன்னைக்கே சொன்னேனே மேடம்?"

"இல்லை டாக்டர். சொல்லியிருந்தா எழுதியிருப்பேன்."

"எழுதியிருப்பீங்க. போய்ப் பாருங்க."

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக அலமாரிக்குப் போனேன். முந்தைய வருட டைரி. சிகிச்சை நாளின் பக்கம். சட்டம் பொருத்திய நேரம், கழற்றிய நேரம், சாப்பிட்டது, எல்லாம் இருந்தது. நான்காவது வரி: ‘முதல் வருடம் கட்டி வீங்கலாம். நடுப்பகுதி கறுக்கலாம். பயப்பட வேண்டாம்.’ என் கையெழுத்து. அடிக்கோடு வேறு போட்டிருந்தேன்.

இருபது வருடங்களுக்கு மேலாக டைரி எழுதுகிறேன். எழுதிய பக்கத்தைத் திரும்பப் படிக்கும் வழக்கம் மட்டும் எனக்கு இருந்ததில்லை. எழுதினாலே தெரிந்துகொண்டதாக நினைத்திருக்கிறேன்.

மறுநாள் அம்பத்தூர் மருத்துவரிடம் பிஸ்கட் டப்பாவோடு போனேன். படங்களைப் பொறுமையாகப் பார்த்தார். "இதை அன்னைக்கே காட்டியிருக்கலாமேம்மா" என்றார். கோபம் இல்லை. அறுவை நாளை அவரே அடித்துவிட்டு, ஆறு மாதம் கழித்து என்ன வந்தாலும் தனக்கும் சொல்லும்படி கேட்டுக்கொண்டார்.

அந்த ஆறு மாதமும் வேலைக்குப் போனேன், பாடினேன். ஆல்ட்டோவுக்குப் புதிதாக ஓர் ஆசிரியை வந்துவிட்டிருந்தார். அவரை என் வலப்பக்கத்தில் நிறுத்திக்கொண்டேன். இடது காதில் ஒரு மெல்லிய இரைச்சல் வந்து போனது. வந்த நாட்களைக் குறித்தேன். ஒருநாள் பட்டரவாக்கம் ஸ்டேஷனில் இறங்கும்போது நடைமேடை லேசாகச் சாய்ந்தது. கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அறுபது வரை எண்ணினேன். சாய்வு சரியானது. மருத்துவருக்கு போன் செய்தேன். மீண்டும் வருகிறதா பாருங்கள் என்றார். வரவில்லை. பயம் இல்லாமல் இருந்தேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்த முறை எதற்காகக் காத்திருக்கிறேன் என்று எனக்குத் தெரிந்திருந்தது: ஓர் அளவுக்காக. அது சரியாக எடுக்கப்பட என்னால் செய்ய முடிந்ததெல்லாம் செய்துவிட்டேன். ஒவ்வொரு மாதமும் முதல் தேதியில் பழைய டைரியின் அந்தப் பக்கத்தை எடுத்து நான்காவது வரியைப் படித்தேன்.

ஸ்கேன் நாளன்று அதே மருத்துவமனை, அதே மெஷின். மெஷினை இயக்கும் பெண்ணுக்கு என்னை அடையாளம் தெரிந்தது.

"அக்கா, ஊக்கு, ஹேர்பின்?"

"எடுத்தாச்சு. போன தடவை எந்த மெஷின்ல எடுத்தீங்க?"

"இதேதான்க்கா. இங்க இருக்கிறதே ஒண்ணுதான்."

மருத்துவர் இப்போது நான்கு படங்களையும் வரிசையாக வைத்தார். அளக்கும் முன்பே எனக்குத் தெரிந்தது என்று எழுத ஆசைதான்; ஆனால் தெரியவில்லை. கண்ணால் பார்த்து அளவு சொல்கிறவர்களை நான் வேலையில் நம்புவதில்லை. அவர் கோடு இழுத்தார். அழித்துவிட்டு இன்னொரு முறை இழுத்தார்.

"பதினாறு" என்றார்.

"எங்கேர்ந்து எங்கே?"

"அதே இடம் மேடம். குழாய்க்கு வெளியே, அதே திசை. பதினெட்டரைலேர்ந்து பதினாறு. ஆரம்பிச்சதைவிட ஒண்ணு கம்மி. இது வீக்கம்தான், வத்திக்கிட்டிருக்கு. அறுவை வேண்டாம். இனி வருஷத்துக்கு ஒருதடவை வந்தா போதும்."

கணவர் என் கையை மேஜைக்கு அடியில் பிடித்திருந்தார். வெல்டிங் செய்து காய்ப்பேறிய கை, அழுத்தியதில் வலித்தது. "பார்த்தியாமே" என்றார்.

அன்று மாலை ஊருக்குத் திரும்பியதும் வீட்டுக்குப் போகாமல் பட்டறையில் இறங்கி, மேஜையில் கிராஃப் தாளைப் பிரித்தேன். தொழிற்சாலையில் தவறாக எழுதிய அளவை நாங்கள் அழிப்பதில்லை, வெள்ளை மையும் பூசுவதில்லை. பழைய எண் படிக்கத் தெரியும்படி ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இருபத்தொன்றை ஒரு கோடால் அடித்தேன். பக்கத்தில் பதினெட்டரை. கீழே, ‘வேறு கருவி, வேறு இடம். சேர்த்தது என் தவறு.’ கையெழுத்து. பிறகு நான்காவது புள்ளியை வைத்தேன். கோடு சின்னதாக ஒரு மேடு ஏறி, கீழே இறங்கியது.

நிமிர்ந்தபோது என் கணவர் பெயின்ட் டப்பாவோடு சுவருக்கு எதிரே நின்றிருந்தார். நான் எழுதியிருந்த வரிக்குக் கீழே, கோணல்மாணலாக, இன்னொரு வரி எழுதிக்கொண்டிருந்தார்: ‘ஊட்டுக்காரிக்கும் சேர்த்து.’

"அழிக்க சொல்லாத" என்றார்.

"அழிக்க மாட்டேன். கையெழுத்துப் போடுங்க" என்றேன்.

தூரிகையைத் தோய்த்து, பெரிதாகப் போட்டார்.